சத்துவாச்சாரி நாய் கிளினிக்: நாலு ஸ்டார், ஒண்ணை ஏன் பிடிச்சு வச்சேன்னும் சொல்றேன்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ராத்திரி பத்து மணிக்கு நாய் வலிப்பு வந்து விழுந்துச்சுன்னா இந்த இடத்தை நம்பி ஆட்டோ பிடிக்காதீங்க. எட்டரைக்கு ஷட்டர் இறங்கிடும், அதுக்கப்புறம் போன் எடுக்க மாட்டாங்க. ஆனா உங்க நாய்க்கு கிட்னி பாதிச்சு, வேற எங்கயாவது கையை விரிச்சுட்டாங்கன்னா, வேலூர் சுத்துவட்டாரத்துல நான் கை காட்டற இடம் இதுதான். எங்க ஜூலிக்கு நடந்ததை வச்சு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

எங்க வீடு தோட்டப்பாளையத்துல. கீழ நாங்க, மேல ரெண்டு மாடியும் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற பேஷண்ட்டுங்களுக்கு ரூம் விடறோம். கொல்கத்தா, ஜார்க்கண்ட், திரிபுரா, பங்களாதேஷ்னு எங்கெங்க இருந்தோ வருவாங்க. டயாலிசிஸ்காரங்கன்னா மாசக்கணக்குல தங்குவாங்க. அதனால கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் எல்லாம் எங்க வீட்டுப் படிக்கட்டுல தினமும் காதுல விழற பேச்சுதான். இந்தியாவுல முதல் முதலா கிட்னி மாற்று ஆபரேஷன் வெற்றிகரமா நடந்தது 1971-ல, இதே சிஎம்சியிலதான். நாடே கிட்னிக்கு எங்க ஊரைத் தேடி வருது. எங்க வீட்டு நாய்க்கு கிட்னி போனப்ப நான் காட்பாடிக்கும் பாகாயத்துக்குமா அலைஞ்சேன்.

ஜூலி நாட்டு நாய். செவலை நிறம், பதினாலு கிலோ, ஒன்பது வயசு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணாத பொட்டை. ஹீட் வந்து போய் ஒரு மாசம் ஆன சமயத்துல தண்ணியா குடிக்க ஆரம்பிச்சா. வாளித் தண்ணி, பூந்தொட்டித் தட்டுத் தண்ணி, எதையும் விடலை. குடிக்கறதும் மூத்திரம் போறதுமா இருந்து, அப்புறம் சாப்பாட்டை நிறுத்திட்டா, வாந்தி. பயோமெட்ரான்னாங்க, அதாவது கர்ப்பப்பைக்குள்ள சீழ் கட்டிக்கறது. அவசரமா ஆபரேஷன் பண்ணி கர்ப்பப்பையை எடுத்தாச்சு. அது வேற ஒரு இடத்துல. ஆபரேஷனைக் குறை சொல்ல மாட்டேன், தையல் சுத்தமா ஆறிடுச்சு. அதுக்கப்புறம்தான் தகராறு. சீழ் போயும் நாய் எழுந்திருக்கலை. வாயில மூத்திர வாடை. நாக்கு ஓரத்துல புண்ணு. ரத்தம் எடுத்துப் பார்த்தா கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்தாம ரத்தத்துல தங்கற கழிவு) 6.8, பாஸ்பரஸ் 9-க்கு மேல. "வயசாயிடுச்சும்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் பிடிச்சதைப் போடுங்க"ன்னு அங்க அனுப்பிட்டாங்க.

இந்த கிளினிக்குக்கு வந்த முதல் நாள் டாக்டரம்மா நாயைத் தொடறதுக்கு முன்னாடி டிஸ்சார்ஜ் சீட்டைத்தான் வாங்கிப் படிச்சாங்க. அதுல ஒரு மருந்தைப் பேனாவால அடிச்சாங்க. மெலாக்சிகாம், வலிக்குக் குடுக்கறது. கிட்னி நல்லா இருக்கற நாய்க்கு ஆபரேஷனுக்கு அப்புறம் அது வழக்கமான மருந்துதானாம். கிட்னி அடிபட்ட நாய்க்கு அந்த வகை மருந்து எதுவுமே ஆகாது, கிட்னிக்குப் போற ரத்த ஓட்டத்தை அது குறைச்சிடும்னு சொன்னாங்க. "வீட்ல மனுஷங்களுக்கு வாங்கி வச்சிருக்கற புரூஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் எதையும் பாவம்னு நினைச்சு குடுத்துடாதீங்கம்மா. வலி இருந்தா என்கிட்ட வாங்க, வேற ஊசி இருக்கு." எனக்கு இந்த இடத்து மேல நம்பிக்கை வந்தது அந்தப் பேனாக் கோட்டுலதான்.

எங்க வீட்டுக்காரர் ஒரே கேள்வியைப் பிடிச்சுக்கிட்டார்: ஆபரேஷன் பண்ணதாலதான் கிட்னி போச்சா? இந்தக் கேள்விக்கு நிறைய பேர் பட்டுனு இன்னொரு டாக்டர் மேல பழியைப் போட்டுடுவாங்க. இந்தம்மா போடலை. கர்ப்பப்பையில சீழ் பிடிக்க வைக்கற கிருமி பெரும்பாலும் ஈ.கோலை, அது விடற விஷம் கிட்னியோட மூத்திரத்தைச் சுண்ட வைக்கற வேலையைக் கெடுக்கும், அதனாலதான் அவ்வளவு தண்ணி குடிச்சா. அதோட வாந்தியில உடம்பு வறண்டிருக்கும், மயக்க மருந்துல பிரஷர் இறங்கியிருக்கலாம், ஒன்பது வயசு கிட்னி ஏற்கனவே கொஞ்சம் தேஞ்சிருக்கலாம். இதுல எது எவ்வளவுன்னு இப்ப பிரிச்சுச் சொல்ல முடியாது, ஆனா ஆபரேஷன் பண்ணலைன்னா அந்த வாரமே போயிருப்பா, அப்படின்னாங்க. கிட்னியில நாலுல மூணு பங்கு வேலை நின்ன பிறகுதான் கிரியேட்டினின் ஏறவே ஆரம்பிக்குமாம். அதைக் கேட்டதும் மாடியில இருக்கறவங்க முகமெல்லாம் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

மூத்திரத்தை ஒரு சொட்டு எடுத்து, அது எவ்வளவு சுண்டியிருக்குன்னு காட்டற ரிஃப்ராக்டோமீட்டர்னு கையளவு குழாய்ல விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடிச்சு, என்னையும் ஒரு கண்ணை வச்சுப் பார்க்கச் சொன்னாங்க. உள்ள நீலமும் வெள்ளையும் பிரியற கோடு தெரியும். நல்ல நாய்க்கு அது 1.030-க்கு மேல நிக்கணுமாம். ஜூலிக்கு 1.010. "தண்ணி வந்த மாதிரியே வெளிய போகுது, கிட்னி அதுல எந்த வேலையும் செய்யலை"ன்னாங்க. பணம் வாங்கற இடத்துல இப்படி நமக்கும் காட்டிச் சொல்றவங்க கம்மி.

ஸ்டேஜ் என்னன்னு கேட்டேன். மாடியில கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி எனக்குத் தானா வந்துடும். இப்ப சொல்ல மாட்டேன்னுட்டாங்க. நாய்ங்களுக்கு ஐரிஸ்னு ஒரு உலக அளவு ஸ்டேஜ் கணக்கு இருக்கு. கிரியேட்டினின் 2.9-லேருந்து 5 வரைக்கும் மூணாவது ஸ்டேஜ், 5-க்கு மேல நாலாவது. ஆனா அந்தக் கணக்கை உடம்புல நீர் சரியா இருந்து, நாய் ஒரு நிலைக்கு வந்த பிறகு, ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா பார்த்துத்தான் போடணும். ஆபரேஷன் முடிஞ்ச கையோட வறண்டு கிடக்கற நாயோட 6.8-ஐ வச்சு நாலுன்னு முத்திரை குத்தக்கூடாதுன்னாங்க. முன்னாடி இடத்துல கையை விரிச்சது அந்த ஒரு நம்பரை வச்சுத்தான். இந்த ஒரு விஷயத்துக்காகவே இவங்களுக்கு ரெண்டு ஸ்டார் போடலாம்.

கூடவே உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிக் காய்ச்சலுக்கும் டெஸ்ட் பண்ணாங்க. நம்ம பக்கம் ரெண்டும் சகஜம், ரெண்டுமே கிட்னியைப் பிடிக்கும். ஜூலிக்கு ரெண்டும் இல்லை. ஸ்கேன்ல கிட்னி ரெண்டும் லேசா சுருங்கியிருந்துச்சு. அப்ப இது நேத்து இன்னிக்கு வந்ததில்லைன்னு தெரிஞ்சு போச்சு.

முதல் சில நாள் காலையில விட்டுட்டு சாயங்காலம் கூட்டிட்டு வர்ற ஏற்பாடு. முன்னங்கால்ல ஊசி செருகி, சலைன் மெதுவா ஏறும். வாந்திக்கு ஒரு ஊசி, வயித்து எரிச்சலுக்கு ஒரு ஊசி. ராத்திரி தங்க வைக்கற வசதி இங்க கிடையாது, அது இந்த இடத்தோட பெரிய குறை. கூண்டு நாலுதான் இருக்கு, பூனை கூண்டும் நாய்க் கூண்டும் ஒரே ரூம்ல. பக்கத்துக் கூண்டு லாப்ரடார் நாள் முழுக்க அழுதுக்கிட்டே இருந்தா நம்ம நாய் எங்க தூங்கும்?

அப்புறம் வந்ததுதான் இந்த இடத்தோட உண்மையான சேவை. இனிமே தினமும் வர வேணாம், வீட்லயே தோலுக்கடியில சலைன் போடலாம், கத்துக் குடுக்கறோம்னாங்க. கேட்டதும் பயந்துட்டேன். அங்க உதவிக்கு இருக்கற தம்பிதான் கத்துக் குடுத்தான். பொறுமைசாலி. முதல்ல ஒரு டவலை மடிச்சு அதுல குத்தச் சொன்னான், அப்புறம் அவன் கை மேல என் கையை வச்சு ஜூலிக்கு.

எப்படின்னா: ஆர்எல் (ரிங்கர் லாக்டேட்னு ஒரு வகை சலைன்) பாட்டில், ஐவி செட், பதினெட்டு நம்பர் ஊசி. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் வைக்கணும், ஜில்லுனு போனா நாய் நடுங்கும். மணிக்கட்டுல ரெண்டு சொட்டு விட்டுப் பார்த்துக்கணும். எங்க வராந்தாவுல துணி காயப் போடற கொடிக்கு ஒரு கொக்கி இருக்கு, அதுல மாட்டிடுவேன். ஜூலி கீழ சாக்கு மேல உட்காருவா. ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல தளர்ந்த தோலை இடது கையால கூடாரமா தூக்கிப் பிடிச்சு, அந்தக் கூடாரத்தோட வாசல்ல ஊசியை நுழைக்கணும். தோலைத் தாண்டும்போது சின்னதா ஒரு 'டப்' விரல்ல தெரியும். ரோலரைத் திறந்தா ஓடும். ஊசி அந்தப் பக்கம் வெளிய வந்துடுச்சுன்னா முடியெல்லாம் நனையும், அப்ப உடனே மூடிட்டு மறுபடி. அளவு முடியறப்ப தோள் மேல காளைமாட்டுத் திமில் மாதிரி ஒரு வீக்கம் நிக்கும். பார்க்க பயமா இருக்கும். ராத்திரிக்குள்ள அது சரிஞ்சு முன்னங்காலுக்கு இறங்கி, காலையில காணாம போயிடும். ஜூலிக்கு ஒரு வேளைக்கு 200 மில்லி. இது அவ எடைக்கும் அவ ரத்தத்துக்கும் பார்த்து எழுதினது. உங்க நாய்க்கு இதையே போடாதீங்க. இதயம் வீக்கா இருக்கற நாய்க்கு இந்தத் தண்ணி நுரையீரல்ல போய் நிக்கும். குளுக்கோஸ் கலந்த பாட்டிலையும் தோலுக்கடியில போடக்கூடாதுன்னு தம்பி பாட்டில் லேபிளைப் படிச்சுக் காட்டிட்டுத்தான் குடுத்தான்.

எங்க அத்தை குடியாத்தம். முதல் நாள் பார்த்துட்டு, "இன்னா மே இது, நாய்க்குப் போயி பாட்டில் ஏத்திக்கினு கீற"ன்னாங்க. ஒரு வாரத்துல அவங்களே கொக்கிக்குக் கீழ ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஜூலி தலையைப் பிடிச்சுக்கிட்டு, பாட்டில்ல கோடு எங்க வந்திருக்குன்னு எனக்குச் சொல்ல ஆரம்பிச்சாங்க.

மேல ஆசன்சோல்ல இருந்து வந்து தங்கியிருக்கற ஒரு தீதிதான் இதுல பெரிய சந்தேகக்காரி. அவங்களுக்கு வாரத்துக்கு மூணு டயாலிசிஸ். நாள் பூரா இவ்வளவுதான்னு அளந்து தண்ணி குடிப்பாங்க, தாகத்துக்கு ஐஸ் கட்டியை வாயில அடக்கிக்குவாங்க. ஜூலிக்கு முன்னாடி நான் ரெண்டு சட்டி தண்ணி வச்சு, அது போதாம முதுகுலயும் ஏத்தறதைப் பார்த்துட்டு, "பானி கம்மி, பானி கம்மி"ன்னு என் கையைப் பிடிச்சுட்டாங்க. நானும் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். தீதிக்கு மூத்திரமே இறங்கறதில்லை, உள்ள போற தண்ணி உள்ளயே நிக்கும், அதனால அளவு. ஜூலிக்கு நேரெதிர், தண்ணியைப் பிடிச்சு வைக்க முடியாம ஓட விடற கிட்னி. இவளுக்குத் தண்ணியை நிறுத்தினா ஒரே நாள்ல விழுந்துடுவா. மூத்திரம் நிறைய போகுதேன்னு ராத்திரியில தண்ணிச் சட்டியை எடுத்து வைக்கறவங்க நிறைய பேராம், அதைச் செய்யவே கூடாதுன்னாங்க. என் அரைகுறை ஹிந்தியில இதை தீதிக்குச் சொன்னேன். கேட்டுட்டு, "குடுத்து வச்ச நாய்"ங்கற அர்த்தத்துல என்னமோ பெங்காலியில சொன்னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சோம்.

இனி சாப்பாடு. கிட்னி நாய்ங்களுக்குன்னே பெரிய கம்பெனிங்க தனி உணவு விக்கறாங்க. பாஸ்பரஸும் உப்பும் குறைவு, புரோட்டீன் அளவா நல்ல தரமா, மீன் எண்ணெய் சேர்த்து. மூணாவது நாலாவது ஸ்டேஜ்ல நாய் நாளைத் தள்ளறதுக்கு மருந்தை விட இதுதான் அதிகம் உதவுதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. விலை தலையைச் சுத்தும், ரெண்டு கிலோ பை ரெண்டாயிரத்துக்கு மேல. கிளினிக்லயே வாங்கலாம், ஆனா வாங்கியே ஆகணும்னு கட்டாயப்படுத்தலை, அதுக்கு ஒரு நன்றி. ஜூலி அதை மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. வாந்தி முழுசா நிக்கறதுக்கு முன்னாடி புது சாப்பாட்டைத் திணிச்சா, அந்த வாசனையையே குமட்டலோட சேர்த்து ஞாபகம் வச்சுக்கும், அப்புறம் எப்பவும் தொடாதுன்னு சொல்லி, அதை எடுத்து உள்ள வைக்கச் சொன்னாங்க. அதுவரைக்கும் எனக்கு ஒரு வீட்டுச் சாப்பாடு எழுதிக் குடுத்தாங்க: குழைய வடிச்ச சோறு, வெந்த முட்டையோட வெள்ளை மட்டும், வேக வச்ச கோழி ஒரு பிடி, ஒரு ஸ்பூன் எண்ணெய். மஞ்சக் கரு வேணாம், அதுலதான் பாஸ்பரஸ். எலும்பு, ஈரல், பால், தயிர், கருவாடு எதுவும் வேணாம். உப்பு வேணாம். வெங்காயமும் திராட்சையும் எந்த நாய்க்கும் ஆகாது. இந்தச் சாப்பாடு வருஷக்கணக்குக்கு இல்லை, சத்து பத்தாது, பசி திரும்பற வரைக்கும்தான்னும் சீட்டுலயே எழுதியிருந்தாங்க.

இதுல கஷ்டம் எலும்புதான். ஞாயித்துக்கிழமை எங்க தெருவுல எந்த வீட்டுலயும் பிரியாணி இல்லாம இருக்காது, சாப்பிட்டு முடிச்சதும் எல்லாரும் இலையோட எலும்பை ஜூலிக்குன்னு எடுத்துட்டு வருவாங்க. ஒன்பது வருஷப் பழக்கம். கேட்டுல அட்டை எழுதி மாட்டினேன், "ஜூலிக்கு கிட்னி பாதிப்பு, எதுவும் போடாதீங்க"ன்னு. எதிர் வீட்டு பாய் பார்த்துட்டு, அன்னிலேருந்து முட்டை வெள்ளை மட்டும் தனியா எடுத்து அனுப்பறார்.

பசி வந்த பிறகு அந்தக் கம்பெனி உணவை சோத்துல பத்துக்கு ஒண்ணா கலந்து, மெல்ல மெல்ல ஏத்தி, இப்ப பாதிக்கு மேல அதுதான் சாப்பிடறா.

பாஸ்பரஸ் சாப்பாட்டால மட்டும் இறங்கலை. அதைக் குடல்லயே பிடிச்சு வெளியேத்தற அலுமினியம் ஹைட்ராக்சைடு குடுத்தாங்க. இதைச் சாப்பாட்டோட கலந்துதான் குடுக்கணும். சாப்பிடாத நாய்க்கு வெறும் வாயில ஊத்தினா ஒரு பிரயோஜனமும் இல்லை. மெடிக்கல்ல விக்கற ஆன்டாசிட் சிரப்புல பலதுல மெக்னீசியமும் சேர்ந்திருக்கும், கிட்னி நாய்க்கு அது வெளியேறாம தங்கிடும், அதனால சீட்டுல இருக்கறதையே கேட்டு வாங்குங்கன்னாங்க. எங்க வீட்டுப் பக்கம் மருந்துக் கடைக்குப் பஞ்சமில்லை, அதுவும் கிட்னி மருந்துக்கு. கடைக்காரர் சீட்டைப் பார்த்துட்டு, "பேஷண்ட் பேரு ஜூலி, வயசு ஒன்பது, எந்த வார்டு?"ன்னு கேட்டார்.

பிரஷர் பார்க்கறது இங்க கொஞ்சம் சொதப்பல். முன்னங்கால்ல இல்லைன்னா வால்ல சின்னப் பட்டையைக் கட்டிப் பார்ப்பாங்க. நாய் பதறாம இருக்கணும், அதுக்கு அமைதியான ரூம் வேணும். இங்க வெயிட்டிங் ஹால் சத்தம் உள்ள வரைக்கும் கேக்கும். ஒரு நாள் 170 காட்டுச்சு. மாத்திரை எழுதிடுவாங்கன்னு பார்த்தா, எல்லாரும் போன பிறகு கடைசி ஆளா வாங்கன்னு மறுநாள் கூப்பிட்டுப் பார்த்தாங்க, 145. மாத்திரை வேணாம், அடுத்த மாசம் பார்ப்போம்னாங்க. மூத்திரத்துல புரோட்டீன் கொஞ்சம் போகுது, அதுக்குத் தனியா ஒரு மாத்திரை ஓடிட்டிருக்கு.

டயாலிசிஸ் பத்தி நானே கேட்டேன், எங்க வீட்டுல கேக்காம எப்படி இருப்பேன். நாய்க்கும் டயாலிசிஸ் உண்டு. சென்னை வேப்பேரியில மெட்ராஸ் வெட்னரி காலேஜ்ல பண்றாங்க, 1903-ல ஆரம்பிச்ச காலேஜ் அது. வேலூர்ல இருந்து நூத்தி நாப்பது கிலோமீட்டர் சொச்சம். திடீர்னு கிட்னி நின்னு போன நாய்க்கு, அது தானா தேறி வர்ற வரைக்கும் தாங்கிப் பிடிக்க அது உதவும், விஷம் தின்னது, எலிக் காய்ச்சல் மாதிரி கேஸ்ல போயே ஆகணும், அப்ப ஒரு நாள்கூட யோசிக்காம நானே எழுதி அனுப்புவேன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஜூலிக்குத் தேஞ்சு சுருங்கின கிட்னி, வாழ்நாள் பூரா வாரா வாரம் சென்னைக்குக் கொண்டு போறது அவளுக்குத்தான் வேதனைன்னாங்க. தன்கிட்ட இல்லாததை வேணாம்னு சொல்றாங்களோன்னு எங்க வீட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம். அதனால அவர் வேப்பேரிக்கே ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போய்க் காட்டிட்டு வந்தார். அங்கயும் இதையே சொல்லி, இதே மருந்தைத் தொடரச் சொல்லிட்டாங்க.

இப்போ நிலைமை: கிரியேட்டினின் 4.1, அடுத்த தடவை 3.9. ரெண்டும் மூணாவது ஸ்டேஜ். பாஸ்பரஸ் 5-க்கு வந்திருக்கு, மூணாவது ஸ்டேஜ்ல அதுக்குக் கீழ வச்சிருக்கணுமாம், இன்னும் கொஞ்சம் பாக்கி. ரத்தம் கம்மிதான். கிட்னிதானே ரத்தம் ஊறச் சொல்ற ஹார்மோனைச் சுரக்குது. பிசிவி, அதாவது ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்ங்கற கணக்கு, 20-க்குக் கீழ போனா மனுஷங்களுக்குப் போடற அந்த ஹார்மோன் ஊசியைப் பத்தி யோசிப்போம், அதுல உடம்பே அதை எதிர்த்துக்கற ஆபத்தும் உண்டு, அதனால முன்கூட்டியே போட மாட்டேன்னாங்க. இவங்க ஜூலி குணமாயிடுவான்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. போன கிட்னி திரும்பாது, இருக்கறதைக் காப்பாத்தலாம்னுதான் சொன்னாங்க. கத்திரி வெயில்ல வேலூர் எப்படின்னு உங்களுக்கே தெரியும், அந்த மாசம் சலைனை ஒரு நாள் விட்டு ஒரு நாள்ங்கறதை தினமும்னு மாத்திக் குடுத்தாங்க, மழை வந்ததும் குறைச்சுட்டாங்க. பழைய மாதிரி மாடிப்படி ஏறி வாடகைக்காரங்களை எழுப்பறதில்லை. ஆனா பால்காரர் வண்டிச் சத்தத்துக்கு இன்னும் குலைக்கறா.

குறைங்களையும் சொல்லணும். ராத்திரி பத்தி மேலயே சொல்லிட்டேன். ஒரு தடவை ராத்திரி விடாம வாந்தி எடுத்து, போன் அடிச்சு அடிச்சுப் பார்த்து, விடியற வரைக்கும் நாங்க மூணு பேரும் முழிச்சிருந்தோம். மறுநாள் கேட்டதுக்கு, "ஒரே ஆளு நான், ராத்திரியும் எடுத்தா பகல்ல பார்க்க முடியாதும்மா"ன்னாங்க. நியாயம்தான், ஆனா ராத்திரிக்கு வேற எங்க போகணும்னு ஒரு போர்டாவது வாசல்ல வைக்கலாமில்ல? ரத்த டெஸ்ட் இங்க பண்றதில்லை, வெளிய லேபுக்குப் போகும், ரிசல்ட் மறுநாள்தான். பொட்டாசியம் மாதிரி அன்னிக்கே தெரிய வேண்டியதுக்கு இது உதவாது. டோக்கன் கிடையாது, முதல்ல வந்தவங்க முதல்லன்னு சொல்லுவாங்க, ஆனா பெரிய ஜாதி நாய் வச்சிருக்கறவங்க காரை விட்டு இறங்கினதும் வரிசை எப்படியோ மாறிடும். இதை டாக்டரம்மா கவனிக்கறதில்லை, உள்ளயே இருக்காங்க. அப்புறம் அவங்க பேசற வேகம். பேப்பர்ல எழுதி வாங்கிக்குங்க, இல்லைன்னா படி இறங்கறதுக்குள்ள பாதி மறந்துடும்.

செலவைப் பத்தி: பார்க்கற ஃபீஸ் முந்நூறு, அதே வாரத்துல திரும்பப் போனா வாங்கறதில்லை. சலைன், ஊசி, மாத்திரை, உணவு எல்லாம் சேர்த்து மாசம் ஐயாயிரத்துக்குப் பக்கம் ஆகுது. ரத்தம் பார்க்கற மாசம் இன்னும் கூட. சின்னச் செலவு இல்லை. சலைனையும் ஊசியையும் வெளிய மொத்தக் கடையில வாங்கினா குறையும்னு அந்தத் தம்பியேதான் சொன்னான். கார்டு வாங்க மாட்டாங்க, ஜிபே இல்லைன்னா கையில காசு.

தடுப்பூசி போடவும் நகம் வெட்டவும் மட்டும்னா இவ்வளவு தூரம் வந்து காத்துக் கிடக்க வேணாம், பக்கத்துலயே பார்த்துக்கலாம். பொட்டை நாய் வச்சிருக்கறவங்க, குட்டி வேணாம்னா நல்லா இருக்கும்போதே குடும்பக் கட்டுப்பாடு பண்ணிடுங்க, கர்ப்பப்பையே இல்லைன்னா அதுல சீழ் வர வழியில்லை. அந்த ஆபரேஷனும் இங்க பண்றாங்க, ஆனா வயசான நாய்னா ரத்தம் பார்க்காம தேதி குடுக்க மாட்டாங்க.

போறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். ஞாயிறு சாயங்காலம் லீவு. ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, நடக்க முடியாத நாயா இருந்தா கீழ இருந்து போன் பண்ணுங்க, தம்பி வந்து தூக்கிக்குவான். போட்டு முடிச்ச ஊசியை எல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில்ல சேர்த்து எடுத்துட்டுப் போங்க, அவங்களே வாங்கி அழிச்சுடுவாங்க, குப்பையில போடாதீங்க. மூத்திர டெஸ்ட்டுக்கு காலையில முதல்ல போறதைப் பிடிச்சுட்டு வரச் சொல்லுவாங்க. பொட்டை நாய்க்குப் பாட்டிலைக் கொண்டு போனா நடக்காது, உட்காரும்போது பின்னாலேருந்து நீட்டுப் பிடி வச்ச குழம்புக் கரண்டியை நீட்டணும், அதான் சரியா வரும். நல்லா கழுவின கரண்டியா இருக்கட்டும், சோப்பு ஒட்டியிருந்தா ரிசல்ட் தப்பா வரும். எங்க வீட்டுக் கரண்டியில சிவப்பு நூல் கட்டி வச்சிருக்கேன், அத்தை அதைத் திரும்ப சாம்பார்ல போட்டுடக்கூடாதுன்னு.